ஜன்னல் கண்ணாடி உடைந்தால்: வீட்டிலேயே செப்பனிடும் முறை

மழையையும் தூசியையும் வெளியே நிறுத்தி, வெளிச்சத்தை மாத்திரம் உள்ளே விடுவதற்குக் கண்ணாடியைப்போல் உதவும் பொருள் வேறில்லை. கிராமத்து வீடுகளிலும், பள்ளிக்கூடங்களிலும், கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களிலும் மரக்கதவுகளில் சிறு சிறு கட்டங்களாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்களைக் காண்கிறோம். ஆனால் அவற்றில் ஒரு கட்டம் உடைந்துவிட்டால் நாம் செய்வது யாது? ஓர் அட்டையைச் செருகி வைக்கிறோம். அல்லது பழைய சாக்கைத் தொங்க விடுகிறோம். முதல் மழையிலேயே அட்டை நனைந்து விழுந்துவிடுகிறது. சாக்கோ வெளிச்சத்தை அடைத்துவிடுகிறது. பிள்ளைகள் இருட்டில் படிக்கின்றனர். ஜன்னலோரம் அடுக்கிய விதை மூட்டை நனைகிறது. சங்கத்தின் கணக்குப் புஸ்தகங்களில் ஈரம் ஏறுகிறது. பட்டணத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்று காத்திருப்பதிலேயே ஒரு மழைக்காலம் கழிந்துவிடுகிறது.

கண்ணாடி மாற்றுவது பெரிய வித்தை அன்று. பொறுமையும், சரியான அளவும், சிறிது எச்சரிக்கையும் உடையவர் எவரும் ஒரு முற்பகலில் இவ்வேலையைச் செய்து முடிக்கலாம். ஆயினும் அங்கத்தினர்கள் முதலாவதாக மனத்தில் கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பந்து பட்டு உடைந்தவை நீங்கலாக, பெரும்பான்மையான கண்ணாடிகள் உடைவதற்குக் காரணம் அவற்றைத் தாங்கும் சட்டத்திலேயே இருக்கிறது. அக்காரணத்தைக் கண்டு நீக்காமல் புதுக் கண்ணாடி போடுவோமாயின், அதுவும் அதே மூலையில் விரிசல் விடும். ஆகையால் கண்ணாடியை மாற்றுமுன் அது ஏன் உடைந்தது என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி உடையும் விதம்

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக் கல் ஆகியவற்றைப் பெரும் உலையில் உருக்கி ஜன்னல் கண்ணாடி செய்யப்படுகிறது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று கடைகளில் நாம் வாங்கும் தகடுகள் பெரும்பாலும் அம்முறையில் செய்யப்பட்டவையே. அதற்கு முற்பட்ட பழைய கண்ணாடிகளில் மெல்லிய அலைகள் தெரியும். அவற்றின் வழியே நோக்கினால் வெளியேயுள்ள மரம் சற்று நெளிவதுபோல் தோன்றும்.

கண்ணாடி நேராக அமுக்கும் பாரத்தை நன்கு தாங்கும். வளைவையும் இழுப்பையும் தாங்காது. அதிலும் ஓரத்தில் ஒரு சிறு கீறலோ பிசிரோ இருந்தால், இழுக்கும் விசை முழுவதும் அவ்விடத்திலேயே கூடி அங்கிருந்து பிளவு ஓடுகிறது. இவ்வுண்மையை கிரிஃபித் என்னும் ஆங்கில நிபுணர் 1921-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஜவுளிக்கடைக்காரர் இதனை வேறொரு வகையில் அறிவார். அவர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிதளவு நறுக்கிக்கொண்டு, பிறகு இரு கைகளாலும் இழுத்தால் துணி நேராகக் கிழிந்துவிடுகிறது. அந்தச் சிறு நறுக்கு இல்லாவிடில் எவ்வளவு இழுத்தாலும் கிழிவதில்லை. கண்ணாடியின் ஓரத்திலுள்ள கீறல் அந்த நறுக்குக்குச் சமானம்.

விரிசலைப் பார்த்துக் காரணத்தை அறிதல்

உடைந்த கண்ணாடியைக் கழற்றுமுன் விரிசல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துப் பார்க்கவும்.

முதலாவது, ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் கிரணங்கள்போல் விரிசல் பரவியிருந்தால் அவ்விடத்தில் அடி பட்டிருக்கிறது. கிட்டிப்புள்ளோ, பந்தோ, காற்றில் ஆடிய மரக்கிளையோ காரணமாகலாம். இதற்குச் சட்டத்தில் குறையில்லை.

இரண்டாவது, விரிசல் ஓர் ஆணியின் அருகிலிருந்து தொடங்கியிருந்தால், அந்த ஆணி கண்ணாடியை நெருக்குகிறது என்று அறிக. ஆணி துருப்பிடித்தால் பருக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இரும்புச் சட்ட ஜன்னல்களில் துருவின் நெருக்குதலே கண்ணாடியை உடைத்துவிடுவதுண்டு.

மூன்றாவது, மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல், சட்டம் கோணியிருப்பதற்கும் கண்ணாடிக்குச் சுற்றிலும் இடைவெளி விடப்படாமைக்கும் அறிகுறியாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. சித்திரை வெயிலில் சுருங்குகிறது. கண்ணாடி அவ்விதம் ஊதுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இரண்டுக்கும் இடையே இடமில்லாவிட்டால் தோற்பது கண்ணாடியே.

நான்காவது, ஓரத்திலிருந்து நேர்க்கோணமாகப் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றபின் வளைந்து நெளியும் விரிசல் பெரும்பாலும் வெப்பத்தால் உண்டானது. கண்ணாடியின் நடுப்பாகம் வெயிலில் காய, ஓரம் சட்டத்தின் நிழலில் குளிர்ந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 40 டிகிரி செண்டிகிரேடு வித்தியாசம் ஏற்பட்டால் சாதாரணக் கண்ணாடி பிளக்கக் கூடும். வெயில் படும் கண்ணாடியில் பாதிக்குமட்டும் கறுப்புக் காகிதம் ஒட்டுவதும், உச்சிவேளையில் சுட்டிருக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை வீசிக் கழுவுவதும் இதனாலேயே கூடாதவை.

இறுதியாகக் காற்றைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொக்கியில்லாத ஜன்னல் கதவு எம்மாத்திரம்? கதவு ஒருமுறை சுவரில் மோதியவுடன் கண்ணாடி உடையாமற் போகலாம். ஆனால் ஒவ்வொரு மோதலிலும் ஓரத்துப் பிசிர் சிறிது வளர்ந்து, ஒரு நாள் காரணமின்றி உடைந்ததுபோல் உடையும். ஒரு கொக்கியின் விலை ஒரு கண்ணாடியின் விலையைவிட மிகக் குறைவு.

ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

விரிந்த கண்ணாடியை மறுபடியும் ஒன்றாக்க இயலாது என்பதை ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். ஒட்டுவதெல்லாம் தாற்காலிக உதவியே. சிறிய கட்டமாய், ஒரே விரிசலாய், துண்டுகள் அசையாமல் சட்டத்தில் உறுதியாக நிற்குமாயின், இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையை அவ்விரிசலில் விடலாம். முதலில் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து நன்றாக உலரவிட்டு, பசையை விரிசலின்மேல் மெல்லத் தடவினால் அது உள்ளே ஊறிச் செல்லும். மேலே வழிந்ததை உலர்ந்தபின் பழைய சவரத் தகட்டால் வழித்துவிடலாம். இதனால் மழைநீர் புகாது; விரிசலும் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய பலம் திரும்பியதாக எண்ணலாகாது.

இரண்டு மூன்று விரிசல்கள் ஒன்றோடொன்று கூடியிருந்தாலும், துண்டு அசைந்தாலும், வாசற்படிக்கு மேலோ, படுக்கும் இடத்திற்கு மேலோ, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்திலோ விரிந்த கண்ணாடி இருந்தாலும், ஒட்டிப் பார்ப்பதில் காலம் போக்காமல் அன்றே கழற்றிவிட வேண்டும். புதுக் கண்ணாடி வரும்வரையில் கனத்த பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களிலும் மெல்லிய மரச்சில்லுகளை வைத்து ஆணியடித்தால் வெளிச்சமும் வரும், மழையும் நிற்கும்.

உடைந்த கண்ணாடியைக் கழற்றுதல்

இவ்வேலையில் அபாயம் உண்டாவது இப்பகுதியில்தான். குழந்தைகளையும் ஆடு மாடு கோழிகளையும் அப்புறப்படுத்துக. காலில் செருப்பு அன்று, விரல்களை மூடும் பூட்ஸ் அணிய வேண்டும். கைக்குத் தோல் உறை இல்லாவிடில், கனத்த சாக்குத் துணியை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொள்க. கண்ணுக்கு மூக்குக் கண்ணாடியாவது அவசியம். மாடி ஜன்னலாயின், ஏணிமேல் நின்று வேலை செய்யாமல், கதவைக் கீல்களிலிருந்து கழற்றித் தரையில் மேஜைமேல் கிடத்திக்கொள்வதே உத்தமம்.

கண்ணாடியின் இருபுறமும் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால் துண்டுகள் சிதறா. கீழே பழைய செய்தித்தாள்களை அகலமாக விரிக்கவும். பிறகு மேற்பாகத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தன்பக்கமாக ஆட்டி எடுத்துக் கீழ்நோக்கி வரவேண்டும். கீழ்த்துண்டை முதலில் எடுத்தால் மேல்துண்டு கத்திபோல் கையின்மேல் இறங்கும்.

கண்ணாடி உட்காரும் பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்பர். அக்காடியிலுள்ள பழைய மக்கை ஒரு பழைய உளியாலும் சிறு சுத்தியாலும் மெல்லத் தட்டிப் பெயர்க்கவும். சில இடங்களில் மக்கைப் பட்டி என்றும் வழங்குவர். பக்கத்துக் கட்டத்திலுள்ள நல்ல கண்ணாடிமேல் உளி படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பழைய ஆணிகள் அனைத்தையும் குறட்டால் பிடுங்கிவிட வேண்டும்.

பழைய வர்ணத்தைச் சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை. முற்காலத்து வர்ணங்களிலும் மக்கிலும் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் அமுலுக்கு வந்தது. ஆகையால் பழைய ஜன்னலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. நீரால் நனைத்துச் சுரண்டி, கழிவைக் காகிதத்தில் சேர்த்துக் கட்டி, அவ்விடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈயத்தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

சில்லுகளை எருக்குழியில் போடலாகாது

கிராமத்தில் வீட்டுக் குப்பை எருக்குழிக்குப் போகிறது. எருக்குழியிலிருந்து வயலுக்குப் போகிறது. இன்று பெருக்கித் தள்ளிய ஒரு கண்ணாடிச் சில்லு, அடுத்த பருவத்தில் சேற்றினுள் மறைந்து கிடந்து, நடவு நடும் பெண்ணின் வெறுங்காலைக் கிழிக்கும். உழவு மாட்டின் குளம்பையும் விடாது. சேற்று மண்ணில் பட்ட வெட்டுக்காயத்தில் இரண வாயு என்னும் இசிவு நோய்க் கிருமி புகுந்தால் உயிருக்கே மோசம். ஓர் அலட்சியத்தின் பயனை, அதைச் செய்தவரே அன்றி, கூலிக்கு வந்த ஏழை அனுபவிக்க நேரிடுகிறது.

ஆகையால் பெரிய துண்டுகளைச் செய்தித்தாளில் பலமாகச் சுற்றி, ஒரு பழைய தகர டப்பாவில் அல்லது கெட்டியான அட்டைப் பெட்டியில் இட்டு மூடி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, பஞ்சாயத்துத் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் அவர் கை கிழியும். பெருக்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத தூள்கள் தரையில் இருக்கும். ஈரமான செய்தித்தாளைத் தரையில் அமுக்கி எடுத்தால் அவை ஒட்டிக்கொண்டு வரும். இரவில் டார்ச்சு விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மிச்சமுள்ள சில்லுகள் மின்னும்.

கை அறுபட்டுவிட்டால் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்கவும். காப்பிப்பொடி, சாணம், சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கத்தை அறவே விட வேண்டும். சில்லு ஆழமாகக் குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல், அதன் இருபுறமும் அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்க. இரத்தம் நிற்காவிடில் 108-க்குத் தெரிவிக்கவும். சிறு காயமாயினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இசிவுத் தடுப்பு ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்வது நலம்.

அளவெடுத்தல்

பழைய கண்ணாடியை அளந்து புதியது வாங்குவோர் பலர். அது தவறு. பழைய கண்ணாடி தவறான அளவாயிருந்ததே உடைந்ததற்குக் காரணமாயிருக்கலாம். சுத்தம் செய்த காடியையே அளக்க வேண்டும்.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் குறைந்த அளவை எடுத்துக்கொள்க. உயரத்தையும் அவ்வாறே இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளக்கவும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாயில்லாவிட்டால் சட்டம் கோணியிருக்கிறது. வித்தியாசம் ஒரு நூலுக்கு மேற்பட்டால், காடிக்குப் பொருந்தக் கெட்டி அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. அதிகமாகக் கோணியிருந்தால் தச்சரைக்கொண்டு மூலைகளை இறுக்கிச் சட்டத்தை நேராக்கிய பிறகே கண்ணாடி வாங்க வேண்டும்.

இவ்விதம் கிடைத்த அளவில் அகலத்தில் ஒரு நூலும் உயரத்தில் ஒரு நூலும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உதாரணமாக, காடியின் குறைந்த அகலம் 10 அங்குலம் 4 நூலும், குறைந்த உயரம் 14 அங்குலம் 2 நூலும் ஆனால், வாங்க வேண்டிய கண்ணாடி 10 அங்குலம் 3 நூலுக்கு 14 அங்குலம் 1 நூல் ஆகும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அரை நூல் இடைவெளி கிடைக்கும். மரம் ஊதினாலும் கண்ணாடியை நெருக்காது. மேற்கூறிய காரணங்களுள் பாதியை இந்த அரை நூல் நீக்கிவிடுகிறது.

சிறு கட்டங்களுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி போதும். 3 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்குச் சுமார் 700 கிராம் எடையிருக்கும். வாசற்கதவு, தரையை ஒட்டிய பெரிய ஜன்னல் ஆகியவற்றுக்குப் பதம் ஏற்றிய பாதுகாப்புக் கண்ணாடியே ஏற்றது. அது உடைந்தால் கூரிய வாள்போலாகாமல் சிறு சிறு மணிகளாக உதிரும். ஆனால் அதனைப் பதம் ஏற்றியபின் அறுக்க முடியாது. அளவு சொல்லியே செய்வித்து வாங்க வேண்டும்.

கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது தட்டையாகக் கிடத்தாமல், செய்தித்தாளும் கம்பளியும் சுற்றி, நிமிர்த்தியே வைத்துக்கொள்ள வேண்டும். தட்டையாக வைத்தால் வண்டி குலுங்கும்போது தன் பாரத்தாலேயே வளைந்து உடையும்.

அறுக்கும் முறை

கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தருவார்கள். வீட்டிலுள்ள பெரிய துண்டிலிருந்து அறுக்க விரும்புவோர் சிறு சக்கரம் பொருத்திய கண்ணாடி அறுக்கும் கருவியை உபயோகிக்கலாம். இக்கருவி உண்மையில் கண்ணாடியை அறுப்பதில்லை. மேற்கூறிய ஜவுளிக்கடைக்காரரின் கத்தரிக்கோலைப்போல் ஒரு கீறலை மாத்திரம் உண்டாக்குகிறது. பிளப்பது நம் கையே.

சமமான மேஜையில் கம்பளியை விரித்துக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து வைக்கவும். நேரான மரச்சட்டத்தை அளவிலே வைத்து, சக்கரத்தைத் துளி மண்ணெண்ணெயில் நனைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே சீராக ஒரே முறை இழுக்க வேண்டும். 'கிரீச்' என்ற மெல்லிய ஓசை தொடர்ந்து கேட்க வேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை இழுக்கலாகாது. இழுத்தால் பிளவு கோணிப் போவதுடன் சக்கரமும் கெடும். கீறியவுடன் தாமதியாமல், கோட்டின் கீழே ஒரு மெல்லிய குச்சியை வைத்து, இருபுறமும் கைகளால் ஒருசேரக் கீழ்நோக்கி அமுக்கினால் கண்ணாடி கோட்டோடு பிரியும். பிறகு ஓரங்களை நனைத்த சாணைக்கல்லால் மெல்லத் தேய்த்துப் பிசிர் நீக்கவும். இதனால் கைக்கும் பாதுகாப்பு. பின்னர் விரிசல் தொடங்கவும் இடமில்லை.

மக்கு தயாரித்தல்

மெல்லிய சீமைச்சுண்ணாம்புத் தூள் ஐந்தாறு பங்கு எடைக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு சேர்த்து மக்கு செய்ய வேண்டும். தூளைச் சல்லடையில் சலித்துக் குவித்து, நடுவே குழி செய்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சப்பாத்தி மாவைப்போல் பிசையவும். கையில் ஒட்டாமலும், உருட்டினால் வெடிக்காமலும் இருப்பதே பதம். மேலே சொன்ன அளவுள்ள கட்டம் ஒன்றுக்குக் கால் கிலோ போதும்.

பள்ளிக்கூடத்தில் எழுதும் சாக்குக் கட்டிகளைப் பொடித்துப் போடுவோர் உண்டு. அவை பெரும்பாலும் ஜிப்ஸம் என்னும் வேறு பொருளால் செய்யப்படுவன, மக்குக்கு ஆகா. வெற்றிலைக்கு இடும் நீற்றுச் சுண்ணாம்பும் ஆகாது. அது எண்ணெயோடு கூடிச் சோப்பு போன்ற பொருளாக மாறிவிடும். வர்ணக் கடையில் மக்குக்கென்றே விற்கும் தூளைக் கேட்டு வாங்குக. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவை காற்றில் உலர்ந்து கெட்டிப்படுவதில்லை. ஆகவே ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாக அவற்றைச் சேர்ப்பதில் பயனில்லை.

இவ்வெண்ணெயைக் கையாள்வதில் பலர் அறியாத அபாயம் ஒன்றுண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி உலரும்போது உஷ்ணம் உண்டாகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றிக் குவிந்து, நெருப்பு வைக்காமலேயே சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளலாம். வைக்கோற்போரும் கூரையும் உள்ள கிராமத்தில் இது எவ்வளவு கேடு என்று சொல்ல வேண்டுவதில்லை. அத்துணிகளை உடனே நீரில் அமிழ்த்திவிடவும். அல்லது வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தவும்.

இக்காலத்தில் குழாய்களில் அடைத்து விற்கும் சிலிக்கோன் பசையையும் சிலர் உபயோகிக்கின்றனர். அது விரைவில் கெட்டிப்படும். நீரையும் நன்கு தடுக்கும். ஆனால் அதன்மேல் சாதாரண வர்ணம் பிடிக்காது. மறுமுறை கண்ணாடி மாற்றும்போது பெயர்ப்பதும் சிரமம். புளித்த காடி நாற்றமுள்ள வகை இரும்புச் சட்டத்தை அரிக்கும். மரச்சட்டத்துக்கு மக்கே போதுமானது.

பதிக்கும் முறை

காடி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். வெறும் மரத்தின்மேல் மக்கை வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும். மக்கு ஓராண்டுக்குள் உதிரும். ஆகையால் காடியில் ஆளிவிதை எண்ணெயையோ முதற்பூச்சு வர்ணத்தையோ பூசி ஒரு நாள் உலர விடவும்.

பிறகு காடியின் நான்கு பக்கங்களிலும் ஒரு நூல் கனத்துக்கு மக்கை அப்புக. கீழ்க்காடியில் அரை நூல் கனமுள்ள ரப்பர்த் துண்டு அல்லது மரச்சில்லு இரண்டை வைத்து, அவற்றின்மேல் கண்ணாடியை நிறுத்தி, ஓரங்களை மாத்திரம் விரலால் சுற்றிலும் அமுக்கவும். நடுவில் அமுக்கினால் உடையும். உட்புறத்தில் மக்கு சிறிது பிதுங்கி வரும்; அப்பொழுதுதான் கண்ணாடி எங்கும் மரத்தில் நேராகப் படாமல் மக்கின் மெத்தைமேல் அமர்ந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தபடி, தலையில்லாச் சிற்றாணிகளைப் பக்கத்துக்கு இரண்டு வீதம் அடிக்க வேண்டும். ஆணி கண்ணாடியை ஒட்டிப் படுத்தாற்போல் மரத்தினுள் செல்ல வேண்டுமேயன்றி, கண்ணாடியின்மேல் அழுந்தலாகாது. சுத்தியைக் கண்ணாடிமேல் சறுக்கினாற்போல் அசைத்து அடித்தால் கண்ணாடிக்கு அதிர்ச்சி இல்லை. கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது இந்த ஆணிகளே. மக்கின் வேலை மெத்தையாயிருப்பதும் நீரைத் தடுப்பதுமே.

பின்பு வெளிப்புறத்தில் மக்கைத் திரித்து வைத்து, கத்தியால் ஒரே இழுப்பில் சரிவாக வழிக்கவும். மழைநீர் தங்காமல் வெளியே வழியும்படி அச்சரிவு இருக்க வேண்டும். உட்புறம் பிதுங்கியதையும் வெட்டி எடுத்துவிடுக. கண்ணாடியில் படிந்த எண்ணெய்க் கறையை உலர்ந்த சீமைச்சுண்ணாம்புத் தூளைத் தூவித் துணியால் துடைத்தால் போய்விடும்.

சில நாள்வரை கதவைப் படீரென்று சாத்தாமல் இருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் மக்கின் மேற்பரப்பு தோல் கட்டி இறுகும். அதன்பின் வர்ணம் பூசவும். வர்ணம் மக்கோடு நின்றுவிடாமல், கண்ணாடியின்மேலும் அரை நூல் ஏறியிருக்கும்படி பூசினால் இடுக்கில் நீர் இறங்காது. இவ்வொன்றைக் கவனியாமையால் பல ஜன்னல்களில் மக்கு விடுபட்டுச் சட்டம் உளுத்துப்போகிறது.

சங்கத்தார் செய்யக்கூடியது

கண்ணாடி அறுக்கும் கருவி, மக்குக் கத்தி, குறடு, தோல் உறை ஆகியவை ஒரு வீட்டுக்கு எப்பொழுதோ ஒருமுறை வேண்டியவை. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டியில் இவற்றை வைத்து, அங்கத்தினர்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். பலருக்கு வேண்டிய கண்ணாடியின் அளவுகளைக் குறித்துச் சேர்த்து ஒரே முறையாக வாங்கினால் வண்டிச் செலவு மிஞ்சும். இவ்வேலையில் விருப்பமுள்ள வாலிபர் ஒருவர் தச்சரிடம் சில நாள் பழகிக்கொண்டால், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜன்னல்களை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துச் சரிசெய்ய அவர் உதவுவார்.

ஆனி மாதத்திலேயே ஒரு நாள் நம் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். கொக்கி இருக்கிறதா, மக்கு உதிர்ந்திருக்கிறதா, ஆணி துருப்பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றைச் சரிப்படுத்த ஆகும் செலவு அற்பம். அப்படியும் ஒரு கண்ணாடி உடைந்தால், காரணத்தைக் கண்டு, காடியை அளந்து, ஒரு நூல் குறைத்துப் பதியுங்கள். சில்லுகளை மட்டும் எருக்குழிக்கு அனுப்பாதீர்கள்.